எகிப்துக்குச் செல்வோர்க்கு எழுதப்பட்டவை: வழிகாட்டி நூல்கள் பற்றி ஒரு மதிப்பீடு

அண்மையில் எகிப்துக்குப் புறப்படவிருந்த பயணக் குழுவொன்றுக்கென ஆயத்தம் செய்யப்பட்ட சிறுநூலொன்று, பிழை திருத்தித் தருமாறு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. நாற்பது பக்கங்களுக்கு மேற்படாத அந்நூலில் அரபுச் சொற்களின் உச்சரிப்பைச் சரிபார்ப்பதே நமக்கு இடப்பட்ட பணி. பத்துப் பக்கங்களைக் கடந்தபோது, திருத்தப்பட வேண்டியது உச்சரிப்பு மட்டுமன்று என்பது புலனாயிற்று. குழாய்நீரைப் பருகாதீர், முதலில் சொல்லும் விலையை நம்பாதீர், வழியில் சிரித்து ஸலாம் உரைப்பவனுக்கு மறுமொழி கூறாதீர், தேநீர் அருந்த அழைத்தால் செல்லாதீர், ஒட்டகத்தின்மேல் ஏறாதீர், ஏறினால் இறக்கிவிடத் தனிக்காசு கேட்பான், காலணி காப்பவனுக்கு ஒன்றும் கொடுக்காதீர். இவ்வாறு விலக்கலில் முடியும் வாக்கியங்களை எண்ணினோம், அறுபதைத் தாண்டிற்று. ‘செய்க’ என்று முடிபவை ஏழு மட்டுமே. அவற்றுள் மூன்று, பணப்பையை உடலில் எவ்விடத்தே வைத்துக்கொள்வது என்பதைப் பற்றியவை.

ஸலாத்துக்கு மறுமொழி கூறுவது கடமை என்பதை மத்ரஸாவின் முதலாண்டு மாணவனும் அறிவான். அந்நூலைத் தொகுத்தவரும் அறியாதவரல்லர். ஐவேளைத் தொழுகையாளர், கொடையாளர், ஊரில் தம் வீட்டுத் திண்ணைக்கு வரும் வழிப்போக்கனை உண்ணாமல் அனுப்பாதவர். அவருடைய கைகளால் இவ்வாக்கியம் எழுதப்பட்டது எங்ஙனம் என்று நாம் வியந்தோம். வினவியபோது, ஆங்கில வழிகாட்டி நூல்கள் இரண்டு மூன்றிலிருந்து ‘நடைமுறைக்குப் பயன்படுபவற்றை’ எடுத்துத் தமிழில் தந்திருப்பதாகக் கூறினார். நடைமுறை அறிவுரை என்பது எவருக்கும் பொதுவானது, அதில் பார்வை எதுவும் கலந்திராது என்பது அவருடைய நம்பிக்கை. அந்நம்பிக்கையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வழிகாட்டி நூலும் ஓர் இலக்கிய வகைதான். அதற்கும் ஒரு பேசுவோன் உண்டு, ஒரு கேட்போன் உண்டு, இவ்விருவருக்கும் புறம்பே நிறுத்தப்பட்ட மூன்றாமவன் ஒருவனும் உண்டு. அம்மூன்றாமவன் யார் என்று பார்த்தால் நூலின் தன்மை விளங்கிவிடும்.

எகிப்துக்கான ஆங்கிலக் கையேடுகளின் மூதாதை, கார்ட்னர் வில்கின்சன் எழுதி லண்டனில் ஜான் மர்ரே பதிப்பகம் 1847இல் வெளியிட்ட நூலாகும். வில்கின்சன் கற்றவர், பண்டை எகிப்தின் கல்லறை ஓவியங்களை ஆண்டுக்கணக்கில் அமர்ந்து படியெடுத்தவர், அரபு அறிந்தவர். நைல் நதியில் செல்லும் படகை வாடகைக்கு அமர்த்தியதும் முதலில் அதை நீரில் மூழ்கடித்து எடுத்தால் எலிகளும் பூச்சிகளும் ஒழியும் என்பது போன்ற அறிவுரைகள் அவருடைய அனுபவத்திலிருந்து வந்தவை. அத்தகைய பகுதிகளைப் படிக்கையில் நமக்கு மகிழ்ச்சியே உண்டாகிறது. எலிக்கு இனமும் இல்லை, மதமும் இல்லை. அவருக்குப் பின், ஜெர்மனியின் பெடேக்கர் நிறுவனம் 1877இல் ஜெர்மன் மொழியிலும் 1878இல் ஆங்கிலத்திலும் கீழ் எகிப்துக்கான கையேட்டை வெளியிட்டது. தாமஸ் குக் 1869இல் தம் முதல் நைல் பயணக் குழுவை அழைத்து வந்தார். படகு, துர்ஜுமான் எனப்படும் மொழிபெயர்ப்பாளன், சமையற்காரன், கழுதைக்காரன் ஆகிய அனைவரும் இக்கையேடுகளில் ஒரே தலைப்பின்கீழ் வருகின்றனர்: கண்காணிக்கப்பட வேண்டியோர். கிழக்கத்திய மக்கள் ஐரோப்பியப் பயணியைப் பெருஞ்செல்வன் எனவும், இன்பத்துக்காக ஊர்சுற்றுவது அவர்களுக்கு விளங்காமையால் ஓரளவு பித்தன் எனவும் எண்ணுகின்றனர் என்ற கருத்தைப் பெடேக்கர் முன்வைக்கிறது. ஆகவே எச்சரிக்கையாயிரு என்பதே அதன் மூச்சு.

இத்தொனி எங்கிருந்து வந்தது? வெறும் ஆணவம் என்று கூறி அகன்றுவிடுவது எளிது; நாம் அவ்வாறு கூறவில்லை. அக்காலத்தே எகிப்தில் வாழ்ந்த, வந்துபோன ஐரோப்பியர், உதுமானியச் சலுகை உடன்படிக்கைகளின் பயனாக, உள்ளூர் நீதிமன்றங்களின் அதிகாரத்துக்குப் புறம்பே இருந்தனர். 1937இல் மோன்த்ரோ உடன்படிக்கை ஏற்படும்வரை அந்நிலை ஒருவாறு நீடித்தது. 1882 முதல் ஆங்கிலேயப் படையும் நாட்டில் இருந்தது. எனவே பயணிக்கும் படகோட்டிக்கும் பிணக்கு நேர்ந்தால் பயணி நாடுவது தன் நாட்டுத் தூதரகத்தை. ஊராரின் நல்லெண்ணம் அவனுக்குத் தேவைப்படவில்லை. நல்லெண்ணம் தேவைப்படாதவனுக்கு எழுதப்பட்ட அறிவுரையை, தூதரகப் பலமும் படைப்பலமும் இல்லாத, ஜும்ஆத் தொழுகையில் அவ்வூராரோடு தோளொட்டி நிற்கப்போகிற நம்மவர் கையில் தமிழாக்கிக் கொடுத்ததுதான் பிழை. அறிவுரையின் சொற்கள் மாறவில்லை. அதைத் தாங்கி நின்ற தூண் விழுந்துவிட்டது.

நம்முடைய பழைய நூல்கள் இவ்விடத்தில் என்ன செய்தன? அவை வந்த நாட்டைப் புகழ்ந்தே பேசின என்று சிலர் மேடைகளில் முழங்குவர். இது உண்மையன்று. ஹிஜ்ரி 578 துல்கஅதா மாதத்தின் இறுதியில், கி.பி. 1183 மார்ச் திங்களில், ஜெனோவாக் கப்பலொன்றில் அலெக்ஸாந்திரியாத் துறைமுகம் வந்திறங்கிய இப்னு ஜுபைர் அல்-அந்தலுஸீயின் ரிஹ்லாவை எடுத்துக்கொள்வோம். எகிப்துக்குச் செல்வோர்க்கு அவர் தரும் முதற்செய்தியே சுங்கச் சாவடியின் இழிநிலைதான். அரசின் அலுவலர் கப்பலேறி ஒவ்வொருவர் பெயரையும் அடையாளத்தையும் எழுதிக்கொண்டனர். கையில் உள்ள பணத்துக்கும் பண்டத்துக்கும் ஸகாத்துக் கேட்டனர். பின்னர்ச் சுமைகளைக் கரைக்கு ஏற்றி, நெரிசலில் அனைத்தையும் கலைத்து, இடுப்புத் துணிக்குள் கைவிட்டுத் துழாவி, இதற்குமேல் ஒன்றும் இல்லையெனச் சத்தியமும் வாங்கினர். பொருள்கள் பல காணாமற் போயின. இதைவிடக் கடுமையாக எந்த வழிகாட்டி நூலும் ஒரு நாட்டின் வாயிலைப் பற்றி எழுதியதில்லை.

ஆனால் அம்முறையீடு எதன்மேல் நிற்கிறது என்பதை நோக்க வேண்டும். அப்பயணிகளுள் பெரும்பாலோர் ஹஜ்ஜுக்குச் செல்வோர். வழிச்செலவுக்கான உணவும் பணமும் அன்றி வேறு எதுவும் இல்லாதவர். அவர்களிடம் ஸகாத்துக் கேட்டவர்கள், அப்பொருளின்மீது ஓராண்டு நிறைந்ததா என்றுகூட விசாரிக்கவில்லை. ஹவ்ல் நிறையாத பொருளில் ஸகாத்து இல்லை என்பது ஃபிக்ஹின் அடிப்படை. அத்துடன் ஒன்றை நாம் சேர்த்துக்கொள்ளலாம். ஸகாத்துப் பெறும் உரிமையுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கனாகிய இப்னுஸ் ஸபீலும் ஒருவன். கொடுக்கப்பட வேண்டியவனிடமே பறிக்கப்பட்டது. இப்னு ஜுபைரின் சினம், எகிப்தியர் இத்தகையோர் என்ற தீர்ப்பாக விரியவில்லை. தாமும் அவ்வலுவலரும் ஒருங்கே ஒப்புக்கொண்ட சட்டம் ஒன்று மீறப்பட்டது என்ற குற்றச்சாட்டாகவே நிற்கிறது. சுல்தான் ஸலாஹுத்தீன் இதை அறியமாட்டார், அறிந்தால் ஒழித்துவிடுவார் என்றும் அவர் எழுதுகிறார். எழுதியதோடு நில்லாமல், சுல்தானை விளித்து இக்கொடுமையை முறையிட்டு ஒரு கஸீதாவும் இயற்றினார். நீ போகாதே என்று அடுத்த பயணிக்குச் சொல்வதும், இதைத் திருத்து என்று ஆட்சியாளனுக்குச் சொல்வதும் வெவ்வேறு. அவர் இரண்டையும் செய்தார்.

அதே அலெக்ஸாந்திரியாவில் அயலூரிலிருந்து வரும் மாணவர்க்கும் ஏழைகட்கும் தங்குமிடம், ஆசிரியர், குளியலறை, மருத்துவமனை, மருத்துவர் என ஏற்பாடாகியிருந்ததை அவர் வியந்து பதிவு செய்கிறார். மக்ரிபிலிருந்து வரும் வழிப்போக்கர்க்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 2 ரொட்டி வீதம் வழங்கப்பட்டதையும் குறிக்கிறார். சுங்கச் சாவடியின் புண் ஆறுவதற்கு முன்பே இதை எழுதும் நடுநிலை அவருக்கு இருந்தது. ஃபாத்திமிய்யாக்களின் காலத்தில் ஹாஜிகளிடம் தலைக்கு ஏழரைத் தீனார் வரி வாங்கப்பட்டு, கொடுக்க இயலாதோர் வதைக்கப்பட்டதையும், ஸலாஹுத்தீன் அவ்வரியை நீக்கியதையும் அவர் மறவாமல் சொல்கிறார். பிற்காலத்தே அவர் குடியிருந்ததும், ஹிஜ்ரி 614இல் உயிர் நீத்ததும் அதே அலெக்ஸாந்திரியாவில்தான்.

நடைமுறை அறிவுரை என்ற பெயருக்குத் தகுதியான பகுதி, அவர் மேல் எகிப்தின் கூஸ் நகரிலிருந்து செங்கடற்கரைத் துறையான அய்தாபுக்குப் பாலைவனம் கடந்த பகுதியாகும். தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்தக் கிணறு உவர்ப்பு, எத்தனை நாள் நீரின்றிச் செல்ல வேண்டும் என்பனவற்றை அவர் வரிசையாகக் குறிக்கிறார். ஒட்டகத்தின் இருபுறமும் தொங்கும் ஷகாதிஃப் என்னும் கூண்டு இருக்கைகளை விரிவாகச் சொல்கிறார். பக்கத்துக்கு ஒருவராக இருவர் அமரலாம். மேலே நிழற்கூரை உண்டு. விரும்பினால் நூல் ஓதலாம். சதுரங்கத்தை ஆகுமானது எனக் கருதுவோர் அதையும் ஆடலாம் என்று ஒரு புன்னகையையும் சேர்த்துக்கொள்கிறார். மாலிகீ மத்ஹபைச் சேர்ந்த ஒருவர் பாலைவனத்தின் நடுவே இவ்வாறு எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் அவர்பால் நமக்கு அன்பு மிகுகிறது.

அவ்வழியில் அவர் கண்ட காட்சியொன்றை அச்சிறுநூலின் முதற்பக்கத்தில் வைக்கத் தகும். இந்தியாவிலிருந்து ஏமன் வழியாக அய்தாபில் இறங்கிய மிளகுச் சுமைகள் அப்பாலை வழியே கூஸுக்குச் சென்றுகொண்டிருந்தன. ஒட்டகம் சோர்ந்து விழுந்தாலோ மாண்டாலோ அச்சுமைகள் வழியிலேயே போடப்பட்டுக் கிடந்தன, காவல் இல்லை, கடந்துசெல்வோர் எத்தனையோ பேர், எவரும் தொடவில்லை, உடையவன் வந்து எடுக்கும்வரை அவை பத்திரமாயிருந்தன. மலபார்க் கரையில் காய்ந்த மிளகு, அக்காலத்தே பொன்னுக்கு நிகரான பண்டம், நூபியாவின் எல்லையில் ஆளற்ற மணலில் கேட்பாரற்றுக் கிடந்தது. பாதுகாப்பு என்ற தலைப்பின்கீழ் இதுவும் செய்தி அல்லவா?

ஆயினும் அய்தாபைப் பற்றி அவர் தரும் அறிவுரை இரக்கமற்றது. ஆணியின்றிக் கயிற்றால் தைத்த ஜல்பா எனும் படகுகளில் ஹாஜிகளைக் கோழிக்கூண்டில் அடைப்பதுபோல் ஒருவர்மேல் ஒருவராக ஏற்றுவர். ஒரே பயணத்தில் படகின் விலையை ஈட்டிவிட வேண்டும். மூழ்கினால் போவது ஹாஜியின் உயிர். எனவே, இயன்றவர் இவ்வூரைக் காணாமலே ஷாம் வழியாகவும் பக்தாதின் ஹஜ் கூட்டத்தோடும் செல்வதே நலம் என்று திட்டமாகக் கூறிவிடுகிறார். இங்கே அவர் மறைக்கவும் இல்லை, மெருகிடவும் இல்லை. உயிருக்கு ஊறு என்றால் போகாதே எனல் வேண்டும். 143 ஆண்டுகளுக்குப் பின், 1326இல் அதே அய்தாபுக்குச் சென்ற இப்னு பதூதா, பஜா மன்னனுக்கும் மம்லூக்குப் படையினருக்கும் நிகழ்ந்த போரில் படகுகள் அழிக்கப்பட்டிருக்கக் கண்டு, வந்த வழியே கெய்ரோவுக்குத் திரும்ப நேர்ந்தது என்பதை இதனோடு வைத்துப் படித்தால், அறிவுரைக்குக் காலம் உண்டு என்பதும் புரியும். அலெக்ஸாந்திரியாவின் கலங்கரை விளக்கில் இப்னு ஜுபைர் ஏறி, உச்சியிலிருந்த பள்ளியில் தொழுதார். இப்னு பதூதா முதன்முறை சென்றபோது அதன் ஒருபக்கம் இடிந்திருந்தது. 1349இல் மீண்டும் சென்றபோது உள்ளே நுழையவே இயலவில்லை. இன்று அவ்விடத்தில் நிற்பது 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் காயித்பாய் எழுப்பிய கோட்டை.

விலை பற்றிய பகுதிக்கு வருவோம். கான் அல்-கலீலிக் கடைவீதியில் சொல்லும் விலையில் மூன்றில் ஒரு பங்கே கேட்க வேண்டும் என்று சிறுநூல் விதி வகுக்கிறது. மூன்றில் ஒன்று என்ற கணக்கு எந்தப் பண்டத்துக்கு, யாருக்கு என்ற விளக்கம் இல்லை. காய்கறிக் கடையிலும் இவ்விதியைப் பின்பற்றிய நம்மவர் ஒருவர் ஒரு கிலோ கொய்யாவுக்காக வாங்கிக் கட்டிக்கொண்டதை நாம் கண்டிருக்கிறோம். 1047 முதல் சில ஆண்டுகள் கெய்ரோவில் தங்கிய பாரசீகக் கவிஞர் நாஸிர் குஸ்ரவ், தம் சஃபர்நாமாவில் அங்காடியைப் பற்றி எழுதும் முறை வேறு. பலசரக்குக் கடைக்காரரும் நறுமணப் பொருள் விற்போரும் வாங்கும் பண்டத்துக்குரிய கலத்தையும் தாமே தருவர். கண்ணாடியோ மண்கலமோ காகிதமோ எதில் இட வேண்டுமோ அதில் இட்டுத் தருவர். ஆகவே வாங்குவோன் பையைச் சுமந்து செல்ல வேண்டியதில்லை என்கிறார். பொய்யுரைத்து விற்றவனை ஒட்டகத்தின்மேல் ஏற்றி, கையில் மணியைக் கொடுத்து நகர்வலம் வரச் செய்து, தன் குற்றத்தைத் தானே கூறச் செய்தனர் என்பதையும் சொல்கிறார். அவருடைய சமயச் சார்பு ஃபாத்திமிய்யா அரசை அவர் மிகைபடப் புகழக் காரணமாயிற்று என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பையைக் கொண்டு செல்ல வேண்டுமா, வேண்டாமா என்று சொன்னாரே, அதுவன்றோ வழிகாட்டல்!

‘பக்ஷீஷ்’ என்னும் சொல்லின்மேல்தான் எல்லாக் கையேடுகளும் தம் முழு வன்மையையும் காட்டுகின்றன. கொடுத்தல், பொறுத்தருளல் ஆகிய பொருள்களைத் தரும் பாரசீக வேரிலிருந்து பிறந்து, துருக்கி வழியே அரபுப் பேச்சுமொழியில் புகுந்த சொல் அது. கையேடுகளில் அது ‘தொல்லை’ என்ற பொருளையே அடைந்துவிட்டது. இதன் நடப்பு முறையை அறிந்தால் பேச்சு மாறும். பள்ளிவாயிலில் காலணி காப்பவரும், விளக்கைப் போட்டுக் காட்டும் முதியவரும், மினாராவின் கதவைத் திறப்பவரும் பல இடங்களில் சொற்பக் கூலியினர், அல்லது கூலியே இல்லாதவர். வருவோர் தருவதே அவர்களுக்கு வருவாய். 2016 நவம்பரில் எகிப்திய நாணயத்தின் மதிப்பு சந்தையின் போக்குக்கு விடப்பட்டு வீழ்ந்தது. 2024 மார்ச்சில் மீண்டும் வீழ்ந்து, ஒரு டாலருக்கு ஏறத்தாழ 31 பவுண்டாக இருந்தது 50ஐ ஒட்டிச் சென்றது. வெளிநாட்டவனின் பணத்துக்கு வலு கூடிய அதே நாளில் வாயிற்காவலரின் ரொட்டி சுருங்கிற்று. இந்நிலையில் பழைய பதிப்பிலிருந்து ‘ஒரு பவுண்டு போதும்’ என்று படியெடுத்து எழுதுவது பிழையான தகவல் மட்டுமன்று.

இதில் நமக்கே ஒரு வெட்கம் உண்டு. அதை மறைப்பது முறையாகாது. சில ஆண்டுகட்கு முன் நம் கல்லூரியின் முன்னாள் மாணவர் சிலரும் வணிகர் சிலருமாகச் சென்ற குழுவோடு நாமும் கெய்ரோவுக்குச் சென்றிருந்தோம். பழைய பள்ளியொன்றில் அஸர் தொழுது வெளியே வந்தபோது குழுவினர் ஒருவரின் செருப்பைக் காணவில்லை. அவர் கையிலும் இத்தகைய குறிப்பேடு ஒன்று இருந்தது. அதில் படித்ததன் துணிவில், காலணி காத்த முதியவர்மீது உரத்த குரலில் பழி சுமத்தினார். தமிழில் ஏசினாலும் முகமும் கையும் மொழிபெயர்த்தன. முதியவர் ஒவ்வொரு அடுக்கிலும் தேடினார். வண்டிக்குத் திரும்பியபோது அச்செருப்பு நம் குழுவைச் சேர்ந்த மற்றொருவரின் காலில் இருந்தது. நாம் திரும்பிச் சென்று, வினையெச்சமும் வேற்றுமையும் வழுவாத அரபியில் மன்னிப்புக் கோரினோம். முப்பது ஆண்டுகள் நஹ்வு கற்பித்த நாவு அன்று பட்ட பாடு! அவர் ‘மஅலிஷ்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நாம் நீட்டிய பணத்தைப் பெறவில்லை.

அச்சொல்லையும் கையேடுகள் விடவில்லை. ‘இன்ஷா அல்லாஹ், புக்ரா, மஅலிஷ்’ ஆகிய மூன்று சொற்களால் எகிப்தின் சோம்பல் நடைபெறுகிறது என்ற பழைய கேலி ஆங்கிலப் பயணிகளிடையே வழங்குவது. நம்மிடம் வந்த சிறுநூலும் அதைப் பெட்டிச் செய்தியாக அச்சிட ஆயத்தமாயிருந்தது. ‘மா அலைஹி ஷைஉன்’ என்பதன் தேய்ந்த வடிவமே மஅலிஷ். அதன்மேல் ஒன்றும் இல்லை, பொருட்படுத்த வேண்டாம் என்பது கருத்து. காலந்தாழ்த்தியவன் சொன்னால் அது சாக்கு. இழைக்கப்பட்டவன் சொன்னால் அது மன்னிப்பு. எவர் வாயிலிருந்து வருகிறது என்று பாராமல் பொருள் எழுதுவோரை அகராதிக்காரர் என்று எப்படி ஏற்பது? அப்பெட்டிச் செய்தியை நாம் சிவப்பு மையால் அடித்துவிட்டோம்.

மொழி பற்றிய பக்கம் இன்னும் நன்றாக இருந்திருக்கலாம். அங்கே சிறுநூலின் குறையைவிட நம் கல்விமுறையின் குறையே மிகுதி. கெய்ரோவில் ஜீம், ககரமாக ஒலிக்கும். ‘ஜமல்’ என்னும் ஒட்டகம் ‘கமல்’ ஆகிவிடும். காஃப், ஹம்ஸாவாகக் கரைந்து ‘கஹ்வா’ என்பது ‘அஹ்வா’ ஆகும். விலை கேட்க ‘பிகாம்’ என்ற ஒரு சொல் போதும். நாம் இலக்கண முறைப்படி வழி கேட்டபோது, இளைஞரொருவர் ‘யா மவ்லானா’ என்று மரியாதையோடு நின்று முழுதும் கேட்டு, பிறகு ஆங்கிலத்தில் மறுமொழி தந்தார். வண்டி எண்ணும் விலைச்சீட்டும் பல இடங்களில் கீழை அரபு எண்வடிவங்களில் எழுதப்பட்டிருக்கும். பத்து வடிவங்களையும் புறப்படுமுன் கற்றுக்கொண்டால் பாதித் தகராறு குறையும். இதைச் சிறுநூல் சொல்லவே இல்லை.

நல்லனவும் அதில் உண்டு, நியாயத்துக்காகக் கூறுகிறோம். லுக்ஸுர், அஸ்வான் பகுதிகளில் கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். ஃபஜ்ரு முடிந்ததும் கல்லறைப் பள்ளத்தாக்குக்குச் சென்று நண்பகலுக்குமுன் நிழலுக்குத் திரும்புதல் அறிவுடைமை. இளவேனிலில் வீசும் கமாஸீன் மணற்காற்று நாளில் பிரமிடுப் பயணத்தை ஒத்திவைக்கலாம். இவை ஆங்கில நூல்களிலிருந்து வந்தவையே. அவற்றை ஏற்பதில் நமக்குத் தயக்கமில்லை. தொன்மைச் சின்னங்களை எவ்வாறு காண்பது என்பதில் மட்டும் அப்துல் லதீஃப் அல்-பக்தாதீயைச் சேர்த்துக்கொள்ளுமாறு தொகுத்தவரிடம் கூறினோம். கி.பி. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தைப் பற்றி எழுதிய அம்மருத்துவர், கிஸாவின் பெருஞ்சிலையைக் கண்டு, அத்தனை பெரிய முகத்தில் மூக்குக்கும் கண்ணுக்கும் செவிக்கும் உள்ள அளவொழுங்கு பிறழாதிருப்பதை வியந்தார். புதையல் வேட்டைக்காரர் சிலைகளை உடைப்பதைக் கண்டித்தார். சுல்தான் அல்-மலிக் அல்-அஸீஸ், சிலரின் சொல்கேட்டு மூன்றாம் பிரமிடை இடிக்கத் தொடங்கி, எட்டுத் திங்கள் ஆட்களை வருத்தியும் ஒரு பக்கத்தில் சிறு தழும்பையே உண்டாக்க முடிந்தது என்பதையும் பதிந்தார். ஃபிர்அவ்னின் நாட்டுக் கற்களைப் பார்ப்பதால் ஈமானுக்கு இடர் வருமோ என அஞ்சி வண்டியிலேயே அமர்ந்திருக்கும் நம்மவர் சிலருக்கு அவரைப் படித்துக் காட்டலாம்.

நம் மரபில் உண்மையான கையேடு எது என்று கேட்டால், ரிஹ்லாக்களைக் காட்டிலும் கராஃபா அடக்கத்தலத்துக்கென எழுதப்பட்ட ஸியாரத் நூல்களையே சுட்டுவோம். ஹிஜ்ரி 615இல் மறைந்த இப்னு உஸ்மானின் முர்ஷிதுஸ் ஸுவ்வாரும், ஹிஜ்ரி 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னுஸ் ஸய்யாத் எழுதிய அல்-கவாகிபுஸ் ஸய்யாராவும் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதற்கென்றே எழுதப்பட்டவை. பின்னது, நடக்கும் வழியின் ஒழுங்கிலேயே அடக்கத்தலங்களை வரிசைப்படுத்துகிறது. இன்னார் என்று சொல்லப்படும் கப்ர் அவருடையதன்று என்று மறுக்கவும் இவ்வகை நூல்கள் தயங்குவதில்லை. ஹிஜ்ரி 611இல் ஹலபில் மறைந்த அல்-ஹரவீயின் ஸியாரத் நூலிலும் இதே துணிவைக் காண்கிறோம். சென்ற இடமெல்லாம் சுவரில் தம் பெயரை எழுதிவைத்த வழக்கத்தை மட்டும் அவரிடமிருந்து எவரும் கற்க வேண்டாம்.

முர்ஷிதுஸ் ஸுவ்வார் வழி சொல்வதோடு நில்லாமல் ஒழுங்குகளையும் சொல்கிறது. நிய்யத்தைத் தூய்மையாக்கு, கப்ருகளின்மேல் நடவாதே, இடையே நட, அடங்கியிருப்போர்க்கு ஸலாம் உரை, ஓது, துஆ செய். இங்கே மூன்றாமவனாக நிறுத்தப்பட்டவன் எவனும் இல்லை. கண்காணிக்கப்படுபவன் ஒருவனே, அவன் நூலைக் கையில் வைத்திருப்பவன். ஸியாரத்தின் சட்டநிலை பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்துமுறையை மட்டுமே பேசுகிறோம். இம்முறையைப் பின்பற்றி, ஏழாக இருந்த ‘செய்க’ வாக்கியங்களை இருபத்திரண்டாக உயர்த்தித் தந்தோம். ஸலாம் பற்றிய வரியை நீக்கினோம். குழாய்நீர் பற்றியதை அப்படியே விட்டோம், வயிறு வயிறுதான். காலணி காப்பவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று தொகுத்தவர் கேட்டார். உங்கள் ஊர்ப் பள்ளியில் நோன்புப் பெருநாளன்று கூட்டிப் பெருக்குபவருக்கு என்ன கொடுப்பீர்களோ அதை நினைத்துக்கொள்ளுங்கள் என்றோம். அதை எப்படி அச்சிடுவது என்று அவர் திகைத்தார்.

கராஃபா செல்வோர்க்கு இறுதியாக ஒரு குறிப்பை நாமே எழுதிச் சேர்த்தோம். 1979இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற வரலாற்றுக் கெய்ரோவின் விளிம்பில் உள்ள அவ்வடக்கத்தலங்களின் பகுதிகள், 2020 முதல் சாலைகளுக்கும் மேம்பாலங்களுக்குமாக இடிக்கப்பட்டு வருகின்றன. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம், 1211இல் சுல்தான் அல்-காமில் எழுப்பிய குவிமாடத்தோடும் அதன் உச்சியில் உள்ள உலோகப் படகோடும் இருக்கிறது. 2021இல் செப்பனிடப்பட்டுத் திறக்கப்பட்டது. ஆனால் அதைச் சூழ்ந்த தெருக்கள் பழைய வரைபடத்தில் உள்ளவாறு இல்லை. இப்னுஸ் ஸய்யாத் குறித்த வழியும் அறுபட்டுப் போயிற்று, ஆங்கிலக் கையேட்டின் வரைபடமும் உதவாது. அங்கே குடும்பத்தோடு வாழும் துரபீ எனப்படும் அடக்கத்தலக் காவலரிடம் ஸலாம் கூறி வழி கேட்க வேண்டும். தேநீர் தந்தால் அமர்ந்து குடித்துவிட்டுச் செல்லலாம்.